டொரான்டோ போகும் வழியில் ஒரு பந்தி

அத்தியாயம் 11

காலை ஐந்தரைக்கு மணியம்மாள் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது, தங்கம்மாள் குளித்து முடித்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சர்க்கரை கம்மியா போட்டிருக்கேன்" என்றாள் மணியம்மாள்.

"நல்லது. சூடா இருக்கு."

மூன்று வருஷத்தில் இரண்டு சம்பந்திகளும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட நீளமான பேச்சு அதுதான். அந்தச் 'சூடா இருக்கு' என்ற வார்த்தையில் குத்தல் இருக்கிறதா இல்லையா என்று யோசித்தபடியே மணியம்மாள் அடுப்படிக்குத் திரும்பினாள்.

யோசிக்கக் காரணம் இருந்தது. மணியம்மாளின் மகள் கீர்த்தனாவின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில், நாலு பேர் காதில் விழும்படி மாப்பிள்ளையின் அம்மா தங்கம்மாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். "மெஸ் நடத்துற வீடுன்னாங்க, காபி ஆறிப்போயில்ல வருது." திருவண்ணாமலையில் ஆசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் இருபது வருஷமாக மெஸ் நடத்துகிறவள் மணியம்மாள். வெள்ளைக்காரர்களும் வடநாட்டுக்காரர்களும் தேடி வந்து சாப்பிடும் இடம். அந்த வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. வேங்கிக்காலில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஆறேழு கிலோமீட்டர்தான். அந்த ஆறேழு கிலோமீட்டரை மூன்று வருஷமாக இருவரில் ஒருவரும் தாண்டவில்லை.

இப்போது தாண்டவேண்டியிருந்தது பதினாலாயிரம் கிலோமீட்டர்.

டொரான்டோவில் கீர்த்தனாவும் மாப்பிள்ளை அறிவுச்செல்வனும் சொந்த வீடு வாங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் பால் காய்ச்சுகிறார்கள். "ரெண்டு அம்மாவும் வந்தாதான் அடுப்பு பத்த வைப்பேன். ரெண்டு பேரும் ஒரே வாசல்ல இருந்து கிளம்பணும்" என்று கீர்த்தனா வீடியோவில் பிடிவாதமாகச் சொன்ன பிறகுதான், நேற்று சாயங்காலம் தங்கம்மாள் இந்த வீட்டுப் படியேறினாள். கையில் பெட்டி. பெட்டிக்குள், பால் காய்ச்சுவதற்கென்று புத்தம்புதிய பித்தளைப் பானை.

மணியம்மாளும் ஒரு பித்தளைப் பானை வாங்கி வைத்திருந்தாள். பெண்ணுக்குத் தாய்வீட்டுச் சீர் அல்லவா. இரண்டும் ஒரே அளவு. இரண்டு பானைகளும் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, 'எந்தப் பானை?' என்று கேட்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

மணியம்மாளின் கணவர் ராமன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மாசமாக அவருக்கு வேறு பேச்சே கிடையாது.

"சென்னையில இருந்து துபாய் ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். நாலு மணி நேரம். துபாய்ல நாலே கால் மணி நேரம் உக்காரணும். அங்கிருந்து டொரான்டோ பதினோராயிரத்துச் சொச்சம். பதினாலு மணி நேரம். இன்னிக்கு ராத்திரி எட்டு நாப்பதுக்கு ஏறினா நாளைக்குக் காலைல ஒம்போதரைக்கு இறங்கிடுவீங்க. அவங்க ஊர் காலை."

"எல்லாம் சரி" என்றாள் மணியம்மாள். "காரு எங்கங்க?"

அதுதான் கேள்வி. அன்றைக்குச் சித்ரா பௌர்ணமி. அறிவுச்செல்வன் தன் லீவைப் பார்த்து டிக்கெட் போட்டவன், நிலாவைப் பார்க்கவில்லை. உள்ளூரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். முந்தின ராத்திரியே பௌர்ணமி பிறந்துவிட்டதால் கிரிவலப் பாதை முழுக்க ஜனம் நடந்துகொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு வாசலுக்கு வருவதாகச் சொன்ன டிரைவர் சரவணகுமார், பத்து மணிக்குப் போன் செய்தான்.

"அண்ணே, பாஸ் வாங்கித் தர்றேன்னு சொன்னவரு கைய விரிச்சுட்டாரு. திண்டிவனம் ரோட்லயே நிறுத்திட்டாங்க. தற்காலிக பஸ் ஸ்டாண்டுக்கு அப்பால நிக்கறேன். நீங்கதான் வரணும்."

"எவ்வளவு தூரம் இருக்கும்?"

"எட்டு கிலோமீட்டர்ணே."

ராமன் போனை வைத்துவிட்டு இரண்டு பெண்களையும் பார்த்தார். பதினாலாயிரத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தவர், இந்த எட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தங்கம்மாள் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள். "இந்த ஃப்ளைட்ட விட்டா அடுத்த சீட்டு திங்கட்கிழமைதான்னு அறிவு சொன்னான். ஞாயித்துக்கிழமை பால் பொங்கிடும். நடங்க."

* * *

நடப்பது என்று சொன்னார்களே தவிர, அதற்குப் பெயர் நடை இல்லை.

ஜனம் முழுக்க மேற்கே போய்க்கொண்டிருந்தது. இவர்கள் மூன்று பேர் மட்டும் கிழக்கே. தலையில் ஒரு பெட்டியும் கையில் ஒரு பெட்டியுமாக ராமன் முன்னால் போனார். ஆளுக்கொரு துணிப்பையில் பானையை வைத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு பின்னால் சம்பந்திகள். எதிரே வருகிறவர்கள் எல்லாம் விநோதமாகப் பார்த்தார்கள்.

"இந்தப் பக்கமா போகக்கூடாதும்மா, சாமி குத்தம்" என்றார் ஒருவர்.

மணியம்மாளுக்கும் அந்த உறுத்தல் இருந்தது. மாசாமாசம் சுற்றுகிற மலை. 'இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்கப்பா, மூணு மாசத்துல வந்து நேரா சுத்திடறேன்' என்று மலையைப் பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர்கூடக் கடக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. தங்கம்மாளுக்கு முழங்கால் வலி உண்டு என்று கீர்த்தனா எப்போதோ சொன்னது மணியம்மாளுக்கு நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தாள். தங்கம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். 

அப்போதுதான் சாலை ஓரத்தில் அந்த மினி வேன் கண்ணில் பட்டது. 'அன்னதானம் அனுமதி' என்று கண்ணாடியில் ஒட்டிய தாள். பின்னால் பெரிய பெரிய அண்டாக்கள். பக்கத்தில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றவர், மெஸ்ஸுக்குக் காய்கறி போடும் கோதண்டராமன்.

"இன்னா மணிக்கா, பெட்டியத் தூக்கிக்கினு இந்தப் பக்கம்?"

மணியம்மாள் விஷயத்தைச் சொன்னாள். கோதண்டராமன் தலையைச் சொறிந்தார்.

"வண்டிக்குப் பாஸ் இருக்குக்கா. பின்னாடி மண்ரோட்ல இறங்கினா பைபாஸ் வந்துடும். அங்கிருந்து திண்டிவனம் ரோடு பத்து நிமிஷம். ஆனா அண்டா காலியாவாம வண்டிய எடுக்கக்கூடாதுன்னு போலீஸ்காரரு சொல்லிட்டாரு. பரிமாற வேண்டிய பசங்க எட்டு பேரு கூட்டத்துல எங்கியோ மாட்டிக்கினாங்க. நானும் இந்த வண்டி டிரைவரும் ரெண்டே பேருதான். சோறு அப்பிடியே இருக்குது."

"எவ்வளவு பேருக்கு?"

"ஐநூறு பேருக்கு."

மணியம்மாள் அண்டாவின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். தக்காளி சாதம். அடுத்ததில் தயிர் சாதம். மூன்றாவதில் மோர். கரண்டியை எடுத்துச் சாதத்தின் ஓரத்தைக் கிளறி, கையில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"ஒரு மணி நேரம் ஆவும்" என்றாள். "கூட்டம் வரிசையில வந்தா."

"வரிசையில எங்கக்கா வர்றாங்க? மொய்க்கறாங்க."

"அத நான் பாத்துக்கறேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தங்கம்மாள் கலெக்டர் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்துச் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவள். திங்கட்கிழமை மனு நாளில் மாவட்டமே திரண்டு வரும். அந்தக் கூட்டத்தை மேஜைக்கு முன்னால் நிற்கவைத்துப் பழகிய குரல் அது. பையை வேனுக்குள் வைத்துவிட்டு, வேனின் பின்படியில் ஏறி நின்றாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க பாருங்க. சோறு எல்லாருக்கும் இருக்கு. குழந்தை வச்சிருக்கறவங்க இடது பக்கம். மத்தவங்க வலது பக்கம், ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். பெரியவங்க நிக்கவேணாம், அந்த மரத்தடியில உக்காருங்க, கொண்டாந்து தருவாங்க. ஐயா, பச்சை சட்டை, நீங்க நடுவுல வந்தவரு. பின்னால போங்க."

பச்சைச் சட்டைக்காரர் பின்னால் போனார்.

கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு வரிசை உண்டாகிவிட்டது. மணியம்மாள் ஒரு கணம் அசந்துபோய் நின்றாள். பிறகு கரண்டியைப் பிடித்தாள்.

பாக்குமட்டைத் தட்டில் ஒரு கரண்டி தக்காளி சாதம், ஒரு கரண்டி தயிர் சாதம், ஓரத்தில் ஊறுகாய். ராமன் தட்டை நீட்டினார், மணியம்மாள் போட்டாள், கோதண்டராமன் எடுத்துக் கொடுத்தார். டிரைவர் மரத்தடிக்குக் கொண்டு ஓடினார். மணியம்மாளின் கை ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. பாதி அண்டா காலியாகும்போது, தங்கம்மாள் படியிலிருந்து குனிந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பதை மணியம்மாள் கவனித்தாள்.

"இன்னா சம்பந்தி பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. எல்லா தட்டுலயும் ஒரே அளவு விழுது."

மோர் பக்கம் வந்தபோதுதான் சிக்கல். மொண்டு ஊற்றும் சொம்பைக் காணோம். யாரோ எடுத்துக் குடித்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள். சாப்பிட்டு முடித்தவர்கள் விக்கலோடு கை நீட்டி நின்றார்கள். மணியம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தன் துணிப்பையைத் திறந்து, மஞ்சள் குங்குமம் வைத்திருந்த புதுப் பானையை வெளியே எடுத்தாள்.

"ஐயோ, அது பால் காய்ச்சற பானை" என்றார் ராமன்.

"தொண்டை அடைச்சுக்கினு நிக்கறாங்க" என்று மணியம்மாள் சொல்லி முடிக்கும்போதே பானை மோருக்குள் இறங்கிவிட்டது.

அகலமான வாய். ஊற்ற வாகாக இருந்தது. பாட்டில் கொண்டுவந்தவர்கள் பாட்டிலில் பிடித்தார்கள். மற்றவர்கள் கையை ஏந்திக் குடித்தார்கள். ஒரு நிறைமாசப் பெண் மூன்று தரம் வாங்கிக் குடித்துவிட்டு, ஈரக் கையோடு மணியம்மாளின் கன்னத்தைத் தொட்டு வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை நெட்டி முறித்தாள். மணியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

பன்னிரண்டே காலுக்கு மூன்று அண்டாவும் காலி. போலீஸ்காரர் கடைசித் தட்டை வாங்கிக்கொண்டு, "எடுங்க வண்டிய" என்று கையசைத்தார்.

* * *

வேனுக்குள் காலி அண்டாக்களுக்கு நடுவே, பெட்டிகளின் மேல் இரண்டு சம்பந்திகளும் உட்கார்ந்திருந்தார்கள். மண்ரோட்டில் வண்டி குதிக்கும்போதெல்லாம் அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதிக் காதைப் பிளந்தன. தங்கம்மாளின் பட்டுப் புடவையில் தயிர். மணியம்மாளின் முழங்கை வரை தக்காளிச் சிவப்பு.

தங்கம்மாள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். மணியம்மாளுக்கும் தொற்றிக்கொண்டது. என்னத்துக்குச் சிரிக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ராமன் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியதும் தங்கம்மாள் சொன்னாள். "அன்னிக்குப் பந்தியில நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சம்பந்தி. சொல்லணும்னா உங்ககிட்ட தனியா சொல்லியிருக்கணும். ஊர் கேக்க சொல்லிட்டேன். மூணு வருஷமா போன் எடுத்து எடுத்து வச்சிருக்கேன்."

மணியம்மாள் புடவை நுனியால் முழங்கையைத் துடைத்தபடி இருந்தாள். இதற்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று ஆயிரம் தரம் ஒத்திகை பார்த்திருக்கிறாள். அவை எல்லாம் இப்போது தேவைப்படவில்லை.

"காபி ஆறித்தான் போச்சு சம்பந்தி" என்றாள். "பால் வண்டி லேட்டு. நானே குடிச்சுப் பாத்தேன். வாயில வைக்க முடியல."

மறுபடியும் சிரிப்பு.

திண்டிவனம் ரோட்டில் சரவணகுமாரின் கார் புளிய மர நிழலில் நின்றிருந்தது. பெட்டிகளை ஏற்றும்போது தங்கம்மாள் தன் பையிலிருந்து பானையை எடுத்து ராமன் கையில் கொடுத்தாள்.

"இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கண்ணே. மெஸ்ல புழங்கட்டும்."

"அப்ப அங்க பாலுக்கு?"

"சம்பந்தி பானை இருக்கே. இன்னிக்கு ஐநூறு பேரு தாகத்துக்குக் குடிச்ச பானை. அதவிட நல்ல பானை எனக்கு எந்தக் கடையில கிடைக்கும்?"

மணியம்மாள் பையைப் பிரித்தாள். பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பானையைக் கழுவி, துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

கார் கிளம்பும் நேரம். ராமன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  முப்பத்தோரு வருஷத்தில் மணியம்மாள் அவரைவிட்டு இருந்தது பிரசவத்துக்குப் போன மூன்று மாசம் மட்டும்தான்.

"துபாய்ல ஒன்றரை மணி பின்னாடி. டொரான்டோல ஒம்போதரை மணி பின்னாடி" என்றார் கடைசியில். "நீ உன் வாட்ச்ச மாத்தாத மணி. நான் இங்க நம்ம நேரத்துலதான் இருப்பேன்."

"மாத்த மாட்டேன். மாவு மிச்சம் இருக்குது, ஃப்ரிட்ஜ்ல வைங்க."

அவர் தலையாட்டினார். கார் நகர்ந்த பிறகும், கையில் சம்பந்தியின் பானையோடு சாலை நடுவில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துத்தான் அவரை ஓரம் தள்ள வேண்டியிருந்தது.

* * *

விமான நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஐந்தரை. கவுண்டரில் இருந்த பெண் புடவைக் கறைகளைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு பாஸ்போர்ட்டுகளை வாங்கினாள். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கு ஜூலை இருபத்தஞ்சு ரிட்டர்ன் இருக்கு." அது மணியம்மாளுக்கு. பிறகு தங்கம்மாளிடம் திரும்பினாள். "உங்களுக்கு ரிட்டர்ன் இல்லையே மேடம். போற டிக்கெட் மட்டும்தானா?"

"ஆமாம்மா. பையன்கூட ரொம்ப நாள் தங்கற விசா. லெட்டர் இருக்கு பாரு."

தங்கம்மாள் தன் ஃபைலைத் திறந்து ஒரு தாளை நீட்டினாள். பெண் படித்துப் பார்த்துத் தலையசைத்தாள். மணியம்மாள் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தாள். தங்கம்மாள் வேறு பக்கம் திரும்பி, பெட்டி பெல்ட்டில் போவதை வேடிக்கை பார்த்தாள்.

கீர்த்தனா ஒரு வார்த்தை சொல்லவில்லையே. மூன்று மாசம், இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சேர்ந்து வருகிறார்கள் என்றுதானே பேச்சு.

பாதுகாப்புச் சோதனையில் பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மூக்கருகே கொண்டுபோன அதிகாரி நிமிர்ந்து, "மோரா?" என்றார். "ஆமாங்க" என்றாள் மணியம்மாள். அவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

விமானத்தில் ஜன்னல் சீட்டு மணியம்மாளுக்கு. பெல்ட்டைப் போடத் தெரியாமல் இரண்டு பேரும் விழித்து, பணிப்பெண் வந்து மாட்டிவிட்டாள். விமானம் ஓடத் தொடங்கியதும் தங்கம்மாளின் கை மணியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தது. இரும்புப் பிடி. ஐநூறு பேரை வரிசையில் நிறுத்தியவளின் உள்ளங்கை ஜில்லென்று வியர்த்திருந்தது.

"பயமா இருக்குதா சம்பந்தி?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்க."

தரை நழுவியது. சென்னையின் விளக்குகள் சாய்ந்து, சுருங்கி, மேகத்துக்குள் மறைந்தன. மேகத்துக்கு மேலே வந்ததும், ஜன்னலை நிறைத்துக்கொண்டு முழு நிலா. மணியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முன்சீட்டின் முதுகில் இருந்த சின்னத் திரையில் ஒரு வரைபடம் தெரிந்தது. துபாய்க்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று எண்கள் குறைந்துகொண்டே வந்தன. ராமன் இதைப் பார்த்திருந்தால் கண்ணை எடுத்திருக்கமாட்டார்.

தங்கம்மாளின் பிடி தளர்ந்தது. மணியம்மாள் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"நீங்க திரும்பி வர்றதில்லையா சம்பந்தி?"

"வருவேன். எப்பன்னு தெரியல."

"வேங்கிக்கால் வீடு?"

"பூட்டிட்டு வந்திருக்கேன்."

"வித்துட்டீங்களா?"

தங்கம்மாள் குனிந்தாள். காலடியில் இருந்த பையிலிருந்து ஃபைலை எடுத்து, அடியிலிருந்து மடித்த முத்திரைத்தாள் ஒன்றை உருவினாள்.

"கண்ணாடியப் போட்டுக்கினு படிங்க. அறிவுக்கும் தெரியாது, கீர்த்தனாவுக்கும் தெரியாது. போன மாசமே எழுதிட்டேன். நம்ம பேச்சே இல்லாத சமயத்துல." கொஞ்சம் நிறுத்தினாள். "கீழ இருக்கறப்ப கொடுத்தா வேணாம்னு எழுந்து போயிடுவீங்க. இங்கதான் எழுந்து போக இடம் கிடையாது."

மணியம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். தாளைப் பிரித்தாள். தலைக்கு மேல் இருந்த சின்ன விளக்கின் வெளிச்சத்தில் முதல் வரி தெளிவாகத் தெரிந்தது.

'திருவண்ணாமலை, செங்கம் சாலையில் வசிக்கும் ராமன் அவர்களின் மனைவி மணியம்மாள் ஆகிய தங்களுக்கு, வேங்கிக்காலில் உள்ள என் வீட்டை...'

அவள் சட்டென்று திரும்பினாள். தங்கம்மாள் சீட்டைப் பின்னால் சாய்த்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். உதட்டின் சிரிப்பை மட்டும் மூட முடியவில்லை.